பதில் அனுப்ப வேண்டிய முகவரி

துடியலூர்
22.06.2025

அன்புள்ள சின்னம்மாவுக்கு,

'இங்கு யாவரும் நலம்' என்று தொடங்கத்தான் பள்ளியில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அம்மாவுக்கு மூன்று நாளாகத் தலைவலி. மே கடைசியில் உங்களை ஆனைமலையில் அந்த இல்லத்தில் விட்டுவிட்டு வந்த நாளிலிருந்தே அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. வாசலில் உங்கள் ஃபோனை வாங்கி உறையில் போட்டு ஒட்டினார்களே, அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார். மூன்று மாதத்துக்குக் கடிதம் மட்டும்தான் என்றதும் எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது. இந்த வீட்டில் கடிதம் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

சொந்தக்காரர்களிடம் அம்மா, 'அவ முதுகுக்கு ஆயுர்வேத வைத்தியம் பாக்கப் போயிருக்கறாளுங்க' என்று சொல்லியிருக்கிறார். இதனால் என்ன ஆயிற்று என்றால், பெரிய மாமா தினமும் ஃபோன் செய்து தன் முழங்காலுக்கு அங்கே எண்ணெய் கிடைக்குமா என்று கேட்கிறார்.

நான் நூலகத்தில் படித்தேன். மில்லில் முதுகு வலிக்கு நீங்கள் போடத் தொடங்கிய மாத்திரை அபின் குடும்பத்தைச் சேர்ந்ததாம். அதை விட முடியாமல் போவது கெட்ட குணம் இல்லை, நோய். இப்போது தினமும் நாக்குக்கு அடியில் வைக்கக் கொடுக்கிறார்களே, அது அந்த நோய்க்கான மருந்து. சர்க்கரைக்காரர்கள் மாத்திரை போடுவதுபோலத்தான். அம்மாவிடம் சொன்னேன். 'நீ பாடத்தைப் படி' என்றார்.

பாடமும் நடக்கிறது. பிளஸ் டூ உயிரியலில் இனப்பெருக்க நலன் என்று ஒரு பாடம். மிஸ் அதை மட்டும் 'ஊட்ல படிச்சுக்குங்க' என்று சொல்லிப் பக்கத்தைப் புரட்டிவிட்டார். அதனாலேயே வகுப்பு முழுவதும் அன்று இரவே படித்துவிட்டது.

தபால்தலை ஒட்டிய உறை நான்கு வைத்திருக்கிறேன். எழுதுங்கள்.

கனிஷ்கா


ஆனைமலை
28.06.2025

கனிஷ்கா கண்ணு,

பத்தாவதோடு பேனாவை வைத்தவள் நான். கை வலிக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன், ஏனென்றால் உன்னிடம்தான் கேட்க முடியும்.

காலை எட்டரைக்கு எங்களை வேனில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார்கள். பதினொரு பெண்கள். ஒரு ஜன்னலில் மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்துவிடுவார்கள். கரைகிற வரை பேசக் கூடாது, எச்சில் விழுங்கக் கூடாது. பதினொரு பெண்கள் பத்து நிமிஷம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நீ பார்க்க வேண்டும். கையிலும் கண்ணிலுமே ஊர்க்கதை எல்லாம் பேசிவிடுவோம்.

இப்போது விஷயம். அந்தப் பழைய மாத்திரை தின்ற இரண்டு வருஷமும் எனக்கு மாதவிலக்கு நின்றிருந்தது. இனிமேல் நமக்குப் புள்ளை தங்காது என்றே நினைத்திருந்தேன். வைத்தியம் தொடங்கினால் எல்லாம் திரும்பி வரும், கவனமாக இருங்கள் என்று இங்கே டாக்டர் சொன்னார். வந்தும்விட்டது.

என் மாமியார் ராசாத்தாள் காங்கேயத்தில் நாள் பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் வீடு திரும்பினதும் அடுத்த குழந்தை. 'ஒரு பையன் பொறந்தா இந்தக் கருமமெல்லாம் தானா உட்டுப்போகும்' என்று உன் சித்தப்பாவிடம் சொல்லிவைத்திருக்கிறார். அவரும் தலையாட்டியிருக்கிறார். மித்ராவுக்கே நாலு வயசுதான். அவளை நான் தூக்கி ஒரு மாசம் ஆகிறது. எனக்கு நிதானம் வருகிற வரை இன்னொன்று வேண்டாம் கண்ணு. வந்தால் நான் மறுபடி பழைய மாத்திரைக்கே போய்விடுவேன் என்று பயமாக இருக்கிறது.

அதே ஆஸ்பத்திரியில் குடும்பநல அறை மறு கோடியில், பிரசவ வார்டு பக்கம். ஒன்பதிலிருந்து பத்து வரைதான் திறந்திருக்கும். அதே நேரம் நாங்கள் ஜன்னலில். பத்தரைக்கு வேன் கிளம்பிவிடும். ஒரு நாள் மாத்திரை கரைந்ததும் ஓடினேன். மாத்திரைக்குக் கொடுத்த என் பச்சை அட்டையைப் பார்த்ததும் அங்கே இருந்த அம்மா நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டார். 'மொதல்ல மாத்திரைய நிறுத்திப்போட்டு வா' என்றார். நிறுத்தத்தானுங்க வந்திருக்கிறேன் என்றேன். 'அப்ப புருசன் கையெழுத்தோட வா. இல்லீன்னா ஆபரேசன் பண்ணிக்கோ, உன்ன மாதிரி ஆளுக்கு அதுதான் நல்லது' என்றார்.

எனக்கு ஆபரேஷன் வேண்டாம். மூன்று மாசத்துக்கு ஒரு ஊசி இருக்கிறதாமே, வேண்டும்போது நிறுத்திக்கொள்ளலாமாமே. அதற்கு உண்மையிலேயே புருஷன் கையெழுத்து வேண்டுமா? நீ படிக்கிற பிள்ளை, பார்த்துச் சொல். யாரிடமும் சொல்லாதே. உன் அம்மாவிடமும்.

சின்னம்மா


துடியலூர்
08.07.2025

அன்புள்ள சின்னம்மாவுக்கு,

வேண்டியதில்லை! நான் வழக்கமாக ஆச்சரியக்குறி போடுவதில்லை. இதற்குப் போடலாம் என்று நினைக்கிறேன்.

பாடப்புத்தகத்தில் அது இல்லை. அதனால் எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே போய்விட்டேன். பள்ளிக்கூடத் திட்டப்பணி என்று சொன்னேன். கணவர் கையெழுத்து ஊசிக்கும் வேண்டாம், காப்பர்-டிக்கும் வேண்டாம், ஆபரேஷனுக்கேகூட அந்தப் பெண்ணின் சம்மதம் போதும் என்று விதி இருக்கிறதாம். அங்கிருந்த சிஸ்டர் கையேட்டைத் திறந்து காட்டினார். நாக்கு மாத்திரை எடுக்கிறவர்கள் ஊசி போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டேன். தாராளமாகப் போடலாம் என்றார். பிறகு என் இரட்டைச் சடையைப் பார்த்துவிட்டு, 'என்ன திட்டப்பணி அம்மணி இது' என்றார். பதினைந்து மதிப்பெண் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இதுவரை நீங்கள் சொன்னதைச் செய்தேன். இனி சொல்லாததையும் செய்துவிட்டேன் என்று எழுத வேண்டும். விதி தெரிந்து என்ன பயன்? நீங்கள் மறுபடி போனால் அதே அம்மா அதே நாற்காலியில் இருப்பார். அதனால் நேற்று திங்கட்கிழமை, கலெக்டர் ஆபீஸில் குறைதீர் நாள் என்பதால், இரண்டு பீரியடு விடுப்பு எடுத்துக்கொண்டு போய் மனுக் கொடுத்துவிட்டேன். உங்கள் பெயரில்.

மனு ஒன்றரைப் பக்கம். இரண்டே கோரிக்கை. கணவர் கையெழுத்துக் கேட்கக் கூடாது. வாரத்தில் ஒரு நாளாவது குடும்பநல சிஸ்டர் மாத்திரை ஜன்னலுக்கே வர வேண்டும். வரிசையில் எனக்கு முன்னால் ஒருவர் தென்னை மரத்தைக் காற்று சாய்த்ததற்கும், பின்னால் ஒருவர் தன் அண்ணன் வேலியை நகர்த்தியதற்கும் மனு வைத்திருந்தார்கள். என்னுடையதை வாங்கியவர் முழுக்கப் படித்தார். 'யாரு எழுதினது?' என்றார். 'நான்தானுங்க' என்றேன். முத்திரை வைத்து ரசீது கொடுத்தார்.

என் மேல் கோபம் வந்தால் திட்டி எழுதுங்கள். வராது என்று நினைக்கிறேன்.

கனிஷ்கா


ஆனைமலை
27.07.2025

கனிஷ்கா,

பதில் அனுப்ப வேண்டிய முகவரி என்ற இடத்தில் என்ன எழுதினாய்?

நீ சொல்ல வேண்டாம். எனக்குத் தெரியும். ரேஷன் கார்டில் இருக்கிறபடி காங்கேயம் வீட்டு முகவரியை எழுதினாய். கதவு எண், தெரு, பின்கோடு எல்லாம் சரியாக எழுதினாய். உன் மனுவைச் சுகாதாரத்துறைக்கு அனுப்பியிருக்கிறோம் என்று கவர்மெண்ட் உறையில் பதில் அங்கேயே போய்விட்டது. உன் சித்தப்பா பிரித்தார். மாமியார் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். இரண்டு தடவை.

இன்று ஞாயிறு, பார்க்க வருகிற நாள். வந்தார். எதிரில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். 'எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல' என்று மட்டும் கேட்டார். மித்ரா வரைந்த படத்தைக் கொண்டுவந்திருந்தார், அதை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

சொல்லத்தான் இருந்தேன். என் நேரத்தில், என் வாயால். அதை நீ எடுத்துக்கொண்டாய். மாத்திரை தின்றதற்குப் பிறகு எனக்கு என்று மிச்சம் இருந்தது அந்த ஒரு முடிவுதான்.

கொஞ்ச நாள் எழுதாதே.

மோகனப்பிரியா


துடியலூர்
03.08.2025

சின்னம்மா,

எழுதாதே என்றீர்கள். நான்கு நாள் எழுதவில்லை. அதற்கு மேல் முடியவில்லை.

முகவரிக் கட்டத்தைப் பார்த்தபோது யோசித்தேன். ஆனைமலை இல்லத்தின் முகவரியை எழுதினால் நீங்கள் அங்கே இருப்பது அலுவலகத்துக்கெல்லாம் தெரிந்துவிடுமே என்று பயந்தேன். உங்கள் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு ரேஷன் அட்டையில் இருப்பதை அப்படியே எழுதினேன். அட்டையில் இருக்கிற முகவரிதான் பாதுகாப்பானது என்று நினைத்தேன். படிவத்தைப் பிழையில்லாமல் நிரப்பினால் நல்லதே நடக்கும் என்று நான் நம்புகிறவள். எல்லாத் தேர்விலும் அது நடந்திருக்கிறது.

உங்களைக் கேட்காமல் உங்கள் பெயரை எழுதினேன். உங்களைக் கேட்காமல் உங்களுக்கு முடிவு செய்கிறவர்கள் மீதுதான் அந்த மனுவே. அது இப்போதுதான் உறைக்கிறது.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அடிப்பார் என்று நினைத்தேன். அந்த ஊசி வலிக்குமா என்று கேட்டார்.

மன்னிப்பு கேட்கிறேன். பதில் வேண்டாம்.

கனிஷ்கா


ஆனைமலை
23.08.2025

கண்ணு,

பதில் வேண்டாம் என்று எழுதிவிட்டுத் தினமும் தபால்காரரை வழிமறிப்பாய் என்று எனக்குத் தெரியாதா. வியாழனும் வெள்ளியும் நடந்ததைச் சொல்கிறேன், உட்கார்ந்து படி.

வியாழக்கிழமை நாங்கள் வாயை மூடி உட்கார்ந்திருந்தபோது புதிதாக ஒரு சிஸ்டர் வந்தார். உம்மல் குல்சும் என்று பெயர். ஒரு தள்ளுவண்டி, ஒரு பெட்டி, இரத்த அழுத்தம் பார்க்கிற கருவி. கையில் ஒரு காகிதம். ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரில் அதை ஒட்டினார். கருத்தடைக்குக் கணவர் கையெழுத்துக் கேட்கக் கூடாது, மாத்திரை எடுக்கிறவர் என்று திருப்பி அனுப்பக் கூடாது, வியாழன்தோறும் இங்கேயே கொடுக்க வேண்டும். கீழே முத்திரை. உன் ஒன்றரைப் பக்கம் அரைப் பக்கமாகச் சுருங்கியிருந்தது. ஆனால் இரண்டு கோரிக்கையும் அப்படியே இருந்தது.

பிறகு அவர் கேட்டார்: 'இதுல மனுக் குடுத்த மோகனப்பிரியா யாருங்க?'

வாயில் மாத்திரை. பேச முடியாது. கையைத் தூக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பேரை நான் எழுதவில்லையே என்று ஒரு நிமிஷம் சும்மா இருந்தேன். பத்துப் பெண்களும் என்னையே பார்த்தார்கள். அப்போதுதான் தோன்றியது. இந்த மனுவை நான் எழுதியிருக்க வேண்டும். தைரியம் இல்லாமல் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையிடம் விசாரிக்கச் சொன்னேன். கையைத் தூக்கிவிட்டேன் கண்ணு. நல்லா உயரமாக.

குல்சும் சிஸ்டர் எல்லாவற்றையும் எடுத்துக் காட்டினார். ஊசி, காப்பர்-டி, கருத்தடை மாத்திரை, ஆணுறை, கடைசியாக ஆபரேஷன். 'எது வேணுமின்னு நீங்க சொல்லுங்க, எதும் வேண்டாமின்னாலும் சொல்லுங்க' என்றார். மாதவிலக்கு வராவிட்டாலும் கர்ப்பம் தங்கும் என்று மற்றவர்களுக்கும் சொன்னார். இரண்டு பேருக்கு முகம் வெளுத்துவிட்டது. டாக்டர் வந்து பார்த்து, சிறுநீர் சோதித்து, எனக்கு ஊசி போட்டார்கள். முதல் ஆள் நான். உன் அம்மாவிடம் சொல், எறும்பு கடித்த மாதிரிதான்.

மறுநாள் வெள்ளி. மாலை நாலு மணிக்கு வாசலில் என் மாமியார். பார்க்க வருகிற நாள் இல்லை. ஆனால் காங்கேயத்திலிருந்து மூன்று பஸ் மாறி வந்தவரை யார் திருப்பி அனுப்புவது. இரண்டு கையும் மணிக்கட்டு வரை சிவந்திருந்தது. மாசாணியம்மன் கோயிலில் மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசிவிட்டு நேராக வந்திருக்கிறார். தெரியுமில்லையா, அநியாயம் செய்தவர்கள் மேல் அப்படி அரைத்துப் பூசினால் தொண்ணூறு நாளில் நியாயம் கிடைக்கும் என்பார்கள்.

எரிச்சலில் கையை உதறிக்கொண்டே இருந்தார். சமையலறையில் தேங்காயெண்ணெய் வாங்கிவந்து அவர் கையில் தேய்த்துவிட்டேன். கையைக் கொடுத்தார், முகத்தைக் கொடுக்கவில்லை.

'யாருக்குங்க அத்தை அரைச்சீங்க?' என்றேன்.

'எங்க ஊட்ல புள்ள தங்கக் கூடாதுன்னு காயிதம் எழுதினாளே, அவளுக்குத்தான். எவளோ படிச்சவ. உனக்கு அப்படி எழுத வராது.'

எண்ணெய் தேய்த்துக்கொண்டே சொன்னேன்: 'அதுல இருக்கற பேரு என்னுதுதானுங்க. எழுதச் சொன்னதும் நாந்தான். நேத்து ஊசியும் போட்டுக்கிட்டேன்.'

அவர் கையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். 'அப்ப உனக்கா அரைச்சுப்போட்டேன்' என்றார். கோபமா பயமா என்று எனக்குத் தெரியவில்லை.

'அரைச்சது அரைச்சதாவே இருக்கட்டுங்க. மித்ராவ நீங்கதான் குளிப்பாட்டறீங்க, நீங்கதான் தூங்க வெக்கறீங்க. இருக்கற ஒண்ணுக்கே நான் இன்னும் அம்மாவாகி முடிக்கலீங்க. முடிச்சதும் அடுத்ததப் பத்தி நானே சொல்றேன். வேண்டாமின்னாலும் நானே சொல்றேன்.'

கடைசி பஸ் என்று எழுந்தார். வாசல் வரை போய்த் திரும்பி, 'அவ உங்கையில சோறு கேக்கறா' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

நான் சொன்னது ஒரு பொய்தான், எழுதச் சொன்னது நான் என்பது. அதை உண்மையாக்கிக்கொள்கிறேன். உன் மேல் கோபம் இல்லை. ஆனால் இனி என் பேரை எழுதுவதற்கு முன்னால் என்னைக் கேள்.

சின்னம்மா


துடியலூர்
31.08.2025

அன்புள்ள சின்னம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை அம்மா சத்தமாகப் படிக்கச் சொன்னார். நீங்கள் கையைத் தூக்கிய இடத்தில் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். பெரிய மாமாவிடம் ஆயுர்வேதம் இல்லை என்று சொல்லிவிட்டோம். 'அப்ப முழங்கால் எண்ணெய்?' என்பதுதான் அவருடைய ஒரே கேள்வி.

ஒரு கணக்குப் போட்டேன். ஊசியைப் பதின்மூன்று வாரத்துக்கு ஒரு முறை போட வேண்டும் என்று எங்கள் ஊர் சிஸ்டர் சொல்லியிருக்கிறார். உங்கள் அடுத்த ஊசி நவம்பர் 20, வியாழன். உங்கள் மாமியார் மிளகாய் அரைத்த நாளிலிருந்து எண்ணினால் தொண்ணூறாவது நாள் எது தெரியுமா? அதே நவம்பர் 20. மூன்று முறை எண்ணிப் பார்த்தேன். எனக்குப் பயமாக இல்லை. என்ன ஆகிறது என்று பார்க்க மட்டும் ஆசை.

இன்னொன்று. மிஸ்ஸிடம், அந்தப் பாடத்தை வகுப்பில் நான் நடத்தட்டுமா என்று கேட்டேன். புத்தகத்தை வாங்கி அந்தப் பக்கத்தைத் திறந்தார். பிறகு, தானே நடத்துவதாகச் சொன்னார். நடத்தினார். நன்றாகவே நடத்தினார்.

கனிஷ்கா


ஆனைமலை
21.11.2025

கண்ணு,

இப்போது ஞாயிற்றுக்கிழமை ஃபோன் கொடுக்கிறார்கள்தான். ஆனால் பத்து நிமிஷம், பின்னால் நாலு பேர். இதைப் பத்து நிமிஷத்தில் சொல்ல முடியாது.

நேற்றுக் காலை வேன் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தபோது மாத்திரை ஜன்னல் பெஞ்சில் என் மாமியார் உட்கார்ந்திருந்தார். மடியில் உன் சித்தப்பா வேலை பார்க்கிற மில்லின் எண்ணெய் டின். பக்கத்தில் மித்ரா. நியாயம் கிடைத்துவிட்டால் அம்மனுக்கு எண்ணெய் சாத்திக் குளிர வைக்க வேண்டும், அது வழக்கம். அதற்கு வந்திருக்கிறார்.

'ஏனுங்க அத்தை, நீங்க கேட்டது நடக்கவே இல்லியே' என்றேன்.

'நாயம் வேணுமின்னுதான் கேட்டேன். யாருக்குன்னு கேக்கலியே' என்றார். அப்புறம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, 'ஆறு மாசமா நீ நிதானமா இருக்கற. எனக்கு வேற என்ன வேணும்' என்றார்.

பேச நேரம் இல்லை, மாத்திரையை வைத்துவிட்டார்கள். மித்ராவை மடியில் வைத்துக்கொண்டு வாயை மூடி உட்கார்ந்தேன். இப்போது நாங்கள் பதினேழு பேர். வியாழன் என்றால் குல்சும் சிஸ்டரின் வண்டிக்கு முன்னால் வெளியிலிருந்தும் பெண்கள் வருகிறார்கள்.

எனக்கு அடுத்து உட்கார்ந்திருந்தவள் புதிது. இருபத்திரண்டு வயசு இருக்கும். சிஸ்டரிடம் முன்பே பெயர் கொடுத்திருந்தாள். திடீரென்று அவள் புருஷன் வந்து வண்டியைப் பிடித்துக்கொண்டான். 'என்னையக் கேக்காம இவளுக்கு யாரு ஊசி போடறது? நான் கையெழுத்துப் போடல' என்றான். அவள் வாயில் மாத்திரை. எங்கள் எல்லோர் வாயிலும் மாத்திரை. பதினேழு பேர் இருந்தும் ஒருத்தியால் பேச முடியவில்லை.

என் மாமியார் எழுந்தார். எண்ணெய் டின்னை இடுப்பில் வைத்துக்கொண்டு போய் அவன் எதிரில் நின்றார்.

'ஏனுங்க தம்பி, எம் மருமவளுக்கு எம் பையனே கையெழுத்துப் போடல. நானும் மொளகாயே அரைச்சுப் பாத்துப்போட்டேன். கைதான் எரிஞ்சுது. செவுத்துல எழுதியிருக்குது, படிக்கத் தெரியுமில்ல?'

அவன் படித்தான். பிறகு, அவள் வேண்டாம் என்றுதான் சொல்வாள், வேண்டுமானால் கேட்டுப் பாருங்கள் என்று வீறாப்பாகச் சொன்னான். குல்சும் சிஸ்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். 'கேப்போம். மாத்திரை கரையட்டும்' என்றார்.

கண்ணு, அந்தப் பத்து நிமிஷம் இருக்கிறதே. அவன் நின்றான். என் மாமியார் நின்றார். நாங்கள் பதினேழு பேரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தோம். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். சில்லென்று இருந்தது. மித்ராகூட மூச்சுக் காட்டவில்லை.

கரைந்தது. அவள் எழுந்து நின்று, அவனைப் பார்க்காமல், சிஸ்டரைப் பார்த்துச் சொன்னாள்: 'எனக்கு வேணுமுங்க. நாந்தான் கேட்டேன்.'

அவ்வளவுதான். மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் கரைந்தவர்கள், கரையாதவர்கள் எல்லோரும் கை தட்டினோம். கரையாதவர்கள் இரண்டு பேர் சிரித்து மாத்திரையைத் துப்பிவிட்டு ஜன்னலில் திட்டு வாங்கினார்கள். அவன் வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டான். பிறகு அவளோடுதான் பஸ் ஏறினான், அவளுடைய பையை அவன்தான் தூக்கிக்கொண்டிருந்தான்.

அடுத்தது என் ஊசி. முப்பதாம் தேதி நான் வீட்டுக்குப் போகிறேன், அங்கே பக்கத்து ஆஸ்பத்திரிக்கே நாக்கு மாத்திரையையும் ஊசியையும் மாற்றி எழுதித் தருகிறார்கள். டாக்டர் சொல்கிற வரை மாத்திரை உண்டு, இரண்டு வருஷமோ மூன்றோ. எனக்கு அதில் வெட்கம் இல்லை. உன் சித்தப்பாவிடம் போன ஞாயிறு நானே எல்லாம் சொன்னேன். மில் காலண்டரில் பிப்ரவரி 19ஐச் சுற்றி வட்டம் போட்டிருக்கிறாராம். மறக்கிறவர் என்பதால் இரண்டு வட்டம்.

மாற்றல் படிவத்தைக் குல்சும் சிஸ்டர் நிரப்பிக்கொண்டே வந்தார். பெயர், வயது, அடுத்த ஊசி நாள். கடைசியில் அந்தக் கட்டம் வந்தது, பதில் அனுப்ப வேண்டிய முகவரி. நிறுத்தினார். கடிதம் வீட்டுக்குப் போனால் பரவாயில்லையா, வேறு எங்காவது எழுதட்டுமா என்று மெல்லக் கேட்டார்.

பேனாவை நான் வாங்கிக்கொண்டேன். என் மாமியார் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். காங்கேயம் என்று எழுதினேன். கதவு எண், தெரு, பின்கோடு எல்லாம்.

சின்னம்மா